ஆரஞ்சு நூல் கட்டிய ஆப்பிள்கள்

“லியோனா அத்தை, உங்க ஆப்பிளுக்குள்ள என்ன இருக்கு?”

வாசற்படியில் நின்று இதைக் கேட்டவள் மோனிக்கா. ஆறு வயது. சிவப்புத் துணியில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிய வண்டு வேஷம். தலையில் இரண்டு கம்பிக் கொம்புகள் ஆடிக்கொண்டிருந்தன.

லியோனா டயர்க்கர் அதை விடுகதை என்றுதான் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக வரும் ஹாலோவீன் மாலையில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பையை நீட்டினால் மட்டும் மிட்டாய் விழாது. படியேறி வந்த பிள்ளை ஒரு ஜோக்கோ விடுகதையோ சொல்ல வேண்டும். கதவைத் திறந்தவர் பதில் தெரியாததுபோல விழிக்க வேண்டும். அப்புறம்தான் கை கூடைக்குள் போகும். அன்று மாலை முழுக்க லியோனா அப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தாள்.

“எலும்புக்கூட்டுக்கு ஏன் பசிக்கவே மாட்டேங்குது?” என்று ஒரு கடற்கொள்ளைக்காரன் கேட்டிருந்தான்.

“தெரியலையேப்பா.”

“வயிறு இருந்தாத்தானே பசிக்கும்!”

அவனுக்குப் பின்னால் வந்த குட்டிப் பூதம், முகத்தில் பூசிய மாவு உதிர உதிரக் கேட்டது: “சூனியக்காரி ஏன் இன்னும் தொடப்பத்துலயே பறக்குறா?”

“ஏனாம்?”

“வேக்குவம் கிளீனர் வயர் அவ்ளோ தூரம் எட்டாதே!”

இதே ஜோக்கை இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து சொன்னார்கள். லியோனா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தாள். சொன்னவனுக்கு அது புதிதுதானே. ஒரு பிள்ளையின் ஜோக்குக்கு முழுச் சிரிப்பைக் கொடுப்பதும் தர்மத்தில் சேர்த்தி என்று அவள் நம்பினாள்.

ஆகவே மோனிக்காவுக்கும் விழித்துக் காட்டினாள். “தெரியலையே கண்ணு. என்ன இருக்கு?”

“குண்டூசி,” என்றாள் மோனிக்கா.

லியோனா சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்திருந்தாள். ஆனால் மோனிக்கா சிரிக்கவில்லை. விடுகதை போடும் பிள்ளைகள் பதிலைச் சொன்னதும் தாங்களே முதலில் சிரித்துவிடுவார்கள். இவளோ அண்ணாந்து, நிஜமான கவலையோடு பார்த்தாள்.

“இந்த வருஷமும் இருக்குமா அத்தை? போன வருஷம் எங்க ஜெரார்டோட ஆப்பிள்ல இருந்துச்சே. நீங்க வேணும்னு போடலையாம். தைக்கிற மேசையிலேருந்து விழுந்துடுச்சாம். பாவமாம், உங்களுக்குக் கண்ணு சரியா தெரியலையாம். யாரும் உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.” சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ. நான் கேட்டுட்டேனே.”

நடைபாதையில் அவளுடைய அம்மா டெல்ஃபின் வெஸல் நின்றுகொண்டிருந்தாள். “மோனிக்கா! போதும், இறங்கி வா! அடுத்த வீட்டுல லைட்டை அணைச்சிடப் போறாங்க!” என்று கூப்பிட்டாள். எப்போதும் லியோனாவுக்குக் கையசைப்பவள், அன்று தெருக்கோடியைப் பார்த்தபடி நின்றாள்.

லியோனா குனிந்து ஓர் ஆப்பிளைக் குழந்தையின் பையில் போட்டாள். கை பழக்கத்தில் செய்த வேலை அது. கொம்புகள் ஆட மோனிக்கா படியிறங்கி ஓடினாள்.

அந்த ஆப்பிள்களைச் செய்வதற்கு லியோனா ஒவ்வொரு அக்டோபரிலும் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தோட்டத்திலிருந்து கூடை கூடையாகப் பழம் வாங்குவாள். வெண்ணெயும் சர்க்கரையும் காய்ச்சிய பாகில் குச்சி செருகிய பழத்தை முக்கியெடுத்து, ஆறவைத்து, மெழுகுத்தாளில் சுற்றி, தையல் பெட்டியிலிருந்து ஆரஞ்சு நூல் எடுத்துக் கட்டுவாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவன் ஹூபர்ட் இறந்தபின் அந்த ஒரு மாலையில்தான் அவள் வீட்டு மணி ஓயாமல் அடிக்கும். மற்ற நாட்களில் பங்குக் கோயில் பள்ளியின் சமையலறையில் மதியச் சாப்பாடு செய்வாள். ஹாலோவீனுக்கு மறுநாள், புனிதர் அனைவரின் பெருவிழாப் பூசைக்குப் பிள்ளைகள் புனிதர்களாக வேஷம் கட்டி வருவார்கள். அந்த அங்கிகளையும் அவளே தைப்பாள்.

போன வருஷம் எல்லாமே மாறியிருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் வேறொரு நகரத்தில் யாரோ மாத்திரைக் குப்பிகளில் விஷம் கலந்துவிட்டார்கள். நாடு முழுக்கத் தாய்மார்கள் மிட்டாய்ப் பைகளைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அருகிலிருந்த ஆஸ்பத்திரி, ஹாலோவீன் மாலையில் பிள்ளைகளின் பைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தருவதாக அறிவித்தது. பேய்களும் இளவரசிகளும் பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்றார்கள். டெல்ஃபினின் மகன் ஜெரார்டின் பையைப் படமெடுத்தபோது ஓர் ஆப்பிளுக்குள் வெள்ளைக் கோடாக ஓர் ஊசி தெரிந்தது. போலீஸ் வந்தது. மறுநாள் பத்திரிகையில் பையனின் படம் வந்தது. யார் வீட்டில் வாங்கியது என்று ஞாபகமில்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

செய்தி கேட்டதும் லியோனா ஓடிப்போய் ஜெரார்டை அணைத்துக்கொண்டாள். “என்னோட ஆப்பிளா இருக்குமோ?” என்று டெல்ஃபினிடம் கேட்டாள்.

“சே, இல்ல. அது ஈயத்தாள் சுத்துனது. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ முகந்தெரியாத ஆளு,” என்றாள் டெல்ஃபின்.

லியோனா அதை நம்பினாள். டெல்ஃபின் சொன்னதை நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

இப்போது கூடையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றபோது, கடந்து போன வருஷம் முழுதும் தலைகீழாகத் திரும்பியது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பள்ளித் தலைமைச் சகோதரி, “எத்தனை வருஷமா அடுப்பங்கரையில நிக்கிறீங்க லியோனா, கொஞ்சம் ஓய்வெடுங்க,” என்று சொல்லி அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்தார். லியோனா அந்தக் கருணைக்கு நன்றி சொல்லி ஒரு கேக் செய்து அனுப்பினாள். கோடையில் பங்குத் திருவிழாவில் அவள் கொண்டுபோன பலகாரத்தை, “முதல்ல பெரியவங்களுக்கு வைப்போம்,” என்று பெண்கள் சிரித்தபடி உள்மேசைக்கு எடுத்துச் சென்றார்கள். செப்டம்பரில் புனிதர்களின் அங்கிகளை ஒரு கடையில் வாங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. “உங்க கண்ணுக்கு இனிமே சிரமம் வேணாம்.” என் கண்ணுக்கு என்ன என்று லியோனா அப்போது யோசித்தாள். பிறகு, வயதானால் எல்லாரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டாள்.

முந்தின வாரம் அவளே டெல்ஃபினிடம் கேட்டிருந்தாள்: “ஊர் இப்படிப் பயந்துகிடக்கே. இந்த வருஷம் ஆப்பிள் பண்ணட்டுமா, வேணாமா?”

“ஏன் பண்ணாம? புள்ளைங்க ஏமாந்துடுவாங்க,” என்றாள் டெல்ஃபின். சனிக்கிழமை வந்து பக்கத்தில் நின்று பாகில் முக்கியும் கொடுத்தாள். நூலின் முடிச்சில் விரல் வைத்துப் பிடித்ததும் அவள்தான்.

லியோனா வாசல் விளக்கை அணைத்தாள். இனி இந்த வீட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். இன்னும் தெருவில் பிள்ளைகள் திரிகிற நேரம்தான். கோட்டை மாட்டிக்கொண்டு டெல்ஃபின் வீட்டை நோக்கி நடந்தாள்.

தெருமுனையில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. அதன் மூடி சரியாக மூடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் மெழுகுத்தாள் பளபளத்தது. லியோனா நின்று பார்த்தாள். உள்ளே ஆரஞ்சு நூல் கட்டிய ஆப்பிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சிலவற்றின் நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. ஜோக் சொல்லி, நன்றி சொல்லி, அம்மாக்கள் நடைபாதையிலிருந்து “அழகா இருக்கு லியோனா!” என்று கூவி வாங்கிப்போன ஆப்பிள்கள்தான் அவை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடற்கொள்ளைக்காரனும் அவன் அப்பாவும் வந்தார்கள். அவளைக் கண்டதும் அப்பாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. “குளிரு ஆரம்பிச்சிடுச்சு பாத்தீங்களா?” என்றார் அவர்.

“ஆமா, ஆரம்பிச்சிடுச்சு,” என்றாள் லியோனா. அவர் சங்கடப்படக் கூடாதே என்று வேகமாக நடந்தாள்.

டெல்ஃபின் வீட்டுப் பின்கதவு எப்போதும்போலத் திறந்திருந்தது. அன்று எல்லா வீட்டிலும் கொதிப்பதுபோல அங்கேயும் அடுப்பில் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லி கொதித்தது. முன்னறையில் மோனிக்கா மிட்டாய்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜெரார்ட் நண்பர்களோடு வெளியே போயிருந்தான். அவர்களுடைய அப்பா வெர்னன் வேலைக்குப் போயிருந்தான்.

“வா லியோனா,” என்றாள் டெல்ஃபின், பாத்திரத்தைக் கிண்டியபடியே. “ஒரு கிண்ணம் சாப்டுறியா? மேல சீஸ் போடட்டுமா?”

“மோனிக்கா சொன்னது உன் காதுல விழுந்துச்சா?”

“சின்னப் புள்ள. எதையாவது உளறும்.”

“உளறல. ஒப்பிச்சா. ‘பாவம்’னு சொன்னா பாரு, அது அப்படியே உன் குரல்.”

டெல்ஃபின் கரண்டியை வைத்தாள். முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அது என்னோட ஆப்பிளா?” என்று லியோனா கேட்டாள்.

“உன்னோடதுதான்.”

வந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் பயமாக மாறியது. சமையல் மேசையிலா தைத்தோம்? நூலெடுக்கும்போது ஊசி கூடவே வந்ததா? “அப்ப நெஜமாவே என் ஊசியா? டெல்ஃபின், என்னைப் பாத்துச் சொல்லு. ஒரு குழந்தை வாயில ஊசியைக் குடுத்தேனா நான்?”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் டெல்ஃபின் அன்றோடு தப்பித்திருப்பாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளைப் பற்றி நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

“உன் ஊசி இல்ல,” என்றாள். “அவன் வேஷத்துல நான் குத்திவிட்ட ஊசி. அவனே சொருகினான்.”

“யாரு?”

“ஜெரார்டு. ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறப்போ. எல்லாப் பசங்க பையும் மெஷினுக்குள்ள போய் சும்மா திரும்பி வருதாம். இவனுக்குப் படத்துல ஏதாவது தெரியணுமாம். தெரிஞ்சா எல்லாரும் ‘அடேயப்பா’ம்பாங்க, அப்புறம் நான்தான்னு சொல்லிச் சிரிக்கலாம்னு நெனச்சிருக்கான் மடையன். இவன் வாயைத் தொறக்கிறதுக்குள்ள நர்ஸ் கத்துறாங்க, போலீஸ் வருது, பேப்பர்காரன் தோள்ல கைபோட்டு போட்டோ எடுக்கிறான். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில பூந்துகிட்டு அழுதான். அப்பதான் எனக்கே தெரியும்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்றது? வெர்னனுக்கு அப்ப வேலை போய் ஒரு மாசம். பேப்பர்ல பையன் உயிர் பிழைச்ச வீரன் மாதிரி நிக்கிறான். மறுநாள் இவன் புளுகன்னு வந்தா ஸ்கூல்ல வச்சிருப்பாங்களா? பூசைக்கு உதவ விடுவாங்களா? ஒவ்வொருத்தியும் வந்து யார் வீட்டு ஆப்பிள், யார் வீட்டு ஆப்பிள்னு தொளைக்கிறா. அந்த மெழுகுத்தாளை நாலு பேரு பாத்துட்டாங்க. அதான் விபத்துன்னு சொன்னேன். விபத்துன்னா யார்மேலயும் குத்தமில்லையே. போலீஸ்ல சொல்லாதீங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேட்டுகிட்டேன். யாரும் உன்னை ஒரு வார்த்தை திட்டல லியோனா. எல்லாரும் உன்மேல பாவந்தான் பட்டாங்க.”

“ஆமா. பாவப்பட்டுப் பாவப்பட்டே என்னை அடுப்பங்கரையிலேருந்து வெளிய அனுப்பிட்டீங்க. பாவப்பட்டு என் ஊசியைப் பிடுங்குனீங்க. இப்ப தெருமுனைத் தொட்டியில போய்ப் பாரு, எவ்வளவு பாவம் குவிஞ்சு கிடக்குன்னு.”

டெல்ஃபின் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சனிக்கிழமை என்கூட நின்னு முக்குனியே,” என்றாள் லியோனா. “தொட்டிக்குத்தான் போகும்னு தெரிஞ்சே முக்குனியா?”

சில்லி கொதித்து அடுப்பில் சிந்தியது.

“நாளைக்கு ஃபாதர்கிட்ட சொல்லு,” என்றாள் லியோனா. “ஊரைக் கூட்டிச் சொல்ல வேணாம். அவர் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். பையனை நோகடிக்காம அவர் பாத்துக்குவார். எனக்கு என் பேரு வேணும், அவ்வளவுதான்.”

அப்போதுதான் டெல்ஃபின் அதைச் சொன்னாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஹூபர்ட் படுத்த படுக்கையா கிடந்தப்போ, விடியறதுக்கு முன்னாடி தினம் வந்து அவரைப் புரட்டிப்போட்டது யாரு? முதுகுப் புண்ணைத் துடைச்சது யாரு? நீ தூங்கணும்னு உன்னை விரட்டிட்டு நான் உக்காந்திருந்தேன். இது வரைக்கும் அதைப் பத்தி வாயைத் தொறந்திருக்கேனா? இப்ப தொறக்குறேன். எனக்கு வேற வழியில்ல. அதுக்கு ஈடா இதை எனக்கு விட்டுக்குடு.”

அந்த விடியல்கள் பொய்யல்ல. குளிரில் கன்னம் சிவக்க டெல்ஃபின் வந்து நின்றதும், ஹூபர்ட் வலியில் அவளைத் திட்டியதும், “திட்டுங்க, திட்டுங்க, தெம்பிருக்குன்னு தெரியுதில்ல,” என்று அவள் சிரித்ததும் உண்மை. இவ்வளவு நாளும் லியோனா ஜெபத்தில் இறைவனுக்கு நன்றி சொன்னவற்றில் அதுவும் ஒன்று. அதையா இவள் எடுத்து மேசைமேல் வைத்து விலை பேசுகிறாள்?

“அதுக்கு நான் கடன்பட்டவதான்,” என்றாள் கடைசியில். “சாகுற வரைக்கும் கடன்பட்டவ. ஆனா அதை நான் குடுக்கணும் டெல்ஃபின். நீயா எனக்குத் தெரியாம எடுத்துக்கக் கூடாது.”

டெல்ஃபின் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சொல்றேன். காலையில பூசைக்கு முன்னாடி ஃபாதரைப் பாத்துச் சொல்லிடுறேன். சத்தியமா,” என்றாள்.

மறுநாள் காலைப் பூசைக்குக் கோயில் நிரம்பியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் புனிதர்களாக வரிசையில் வந்தார்கள். கடையில் வாங்கிய அங்கிகள் எல்லாம் ஒரே அளவு. ஒரு குட்டி புனித பேட்ரிக் அங்கி தடுக்கித் தடுக்கி நடந்தான். அதைக் கண்டு லியோனாவின் விரல்கள் தாமாக மடிப்பைத் தேடின.

குருவானவர் உடை மாற்றும் அறையிலிருந்து டெல்ஃபின் வெளியே வந்தாள். லியோனாவைப் பார்த்து, சொல்லிவிட்டேன் என்பதுபோலத் தலையசைத்தாள். லியோனாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. முழங்காலிட்டு, டெல்ஃபினுக்காகவும் ஜெரார்டுக்காகவும் ஜெபித்தாள். கோபப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டாள். வெள்ளை மேலங்கி போட்ட ஜெரார்ட் பீடத்தின் படிகளில் நின்றான். இந்த ஒரு வருஷத்தில் உயரமாகியிருந்தான்.

ஃபாதர் ஆம்புரோஸ் டோபன் பிள்ளைகளுக்கென்று மறையுரை சொன்னார்.

“நேத்து எத்தனை பேரு வீடு வீடாப் போனீங்க? எல்லாருமா? சரி. இது எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? ரொம்ப காலத்துக்கு முன்னாடி இங்கிலாந்து, அயர்லாந்துப் பக்கம் ஏழைங்க இதே நாட்கள்ல வீடு வீடாப் போவாங்க. வீட்டுக்காரங்க சின்னச் சின்ன ரொட்டி சுட்டு வச்சிருப்பாங்க. வாங்கினவங்க, அந்த வீட்டுல செத்துப்போனவங்களுக்காக ஒரு ஜெபம் சொல்லுவாங்க. ஒரு ரொட்டி, ஒரு ஜெபம். அப்ப பூசணிக்காய் எல்லாம் கிடையாது. டர்னிப் கிழங்கைக் குடைஞ்சுதான் விளக்கு வைப்பாங்க.”

“உவ்வே, டர்னிப்பா!” என்று ஒரு புனிதர் சொன்னார். கோயில் சிரித்தது.

“அந்த ரொட்டியை யாராவது எக்ஸ்ரே எடுத்தாங்களா? இல்ல. குடுத்தவங்க கையை நம்பிச் சாப்பிட்டாங்க.” ஃபாதர் சிரிப்பை நிறுத்திப் பெரியவர்கள் பக்கம் திரும்பினார். “இன்னைக்குக் காலையில ஒரு நல்ல மனசு எங்கிட்ட வந்து அழுதுச்சு. தனக்காக இல்ல, சிநேகிதிக்காக. நம்ம பங்குல ஒரு சகோதரியோட கவனக்குறைவால ஒரு தப்பு நடந்துபோச்சு. போன வருஷம். உங்களுக்கெல்லாம் தெரியும். அவங்களுக்கு அது நேத்துதான் தெரிஞ்சிருக்கு, பாவம், உடைஞ்சு போயிட்டாங்க. அவங்களை எல்லாரும் மன்னிச்சுட்டோம்னு நான் சொல்லணும்னு அந்தச் சிநேகிதி கேட்டாங்க. பேரு சொல்ல வேண்டியதில்ல. மன்னிச்சுட்டோம்தானே?”

பெயர் சொல்ல வேண்டியதே இல்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஒரு முகத்திலும் கோபம் இல்லை. எல்லாரும் லியோனாவைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். குப்பைத்தொட்டியருகே பார்த்த மனிதர் நிம்மதியாகத் தலையாட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு கை அவள் தோளைத் தட்டியது. “விடுங்க லியோனா. நாங்க எப்பவோ மறந்துட்டோம்.”

செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதுவும் கோயிலில், பீடத்துக்கு முன்னால், இத்தனை அன்போடு. வேண்டாம் என்று அதைத் திருப்பிக் கொடுக்க எந்த வழியும் இல்லை. டெல்ஃபின் எங்கே என்று அவள் தேடினாள். மூன்று வரிசை முன்னால் அவள் முகத்தைக் கைகளில் புதைத்திருந்தாள். ஜெபிக்கிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

லியோனா எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. முன்வரிசையின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து ஃபாதர் கனிவோடு காத்திருந்தார்.

ஒரு வாக்கியம் போதும். அந்த ஊசியை வைத்தது யார் என்று ஒரே ஒரு வாக்கியம்.

பீடத்தின் படியில் ஜெரார்ட் நின்றான். அவன் முகம் மேலங்கியைவிட வெளுத்திருந்தது. லியோனாவுக்கு உண்மை தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தனக்குத் தெரிந்ததே அவனைப் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தது. அவள் பேசினால் இத்தனை தலைகளும் அவளை விட்டு அவன் பக்கம் திரும்பும். தலைகள் திரும்பும்போது அவற்றின் எடை எவ்வளவு என்று அவளுக்கு அந்த நிமிஷம் துல்லியமாகத் தெரிந்தது. அவள் ஐம்பத்தேழு வயதில் அதைத் தாங்க முடியாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவனுக்குப் பதினொன்று.

நானாகக் கொடுக்க வேண்டும் என்று நேற்று சொன்னது நினைவுக்கு வந்தது.

லியோனா உட்கார்ந்தாள்.

“அவங்களால பேச முடியல, பாவம்,” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

இனி டெல்ஃபின் வீட்டுப் பின்கதவு வழியாகத் தான் நுழையப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த அக்டோபரில் ஆற்றைக் கடந்து பழம் வாங்கப்போவதும் இல்லை. அழுகை வரவில்லை. குளிர்ந்த அறையில் அடுப்பு அணைந்ததுபோல உள்ளே ஏதோ அணைந்திருந்தது. அது அணைந்தபடியே இருக்கட்டும் என்று இறைவனிடம் ஒப்புக்கொடுத்தாள். அன்று அவளிடம் இருந்த ஜெபம் அது ஒன்றுதான்.

நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் போனார்கள். ஃபாதர் ஒவ்வொருவர் நாவிலும் அப்பத்தை வைக்க, அது தவறி விழுந்துவிடாமல் ஜெரார்ட் பித்தளைத் தட்டை ஒவ்வொருவர் தாடைக்கும் கீழே பிடித்தான். லியோனாவின் முறை வந்தது. தட்டு அவள் கழுத்தருகே வந்ததும் நடுங்க ஆரம்பித்தது. பையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கண்கள் அவள் கோட்டுப் பொத்தான்மேல் நின்றன. இன்னும் கொஞ்சம் போனால் தட்டு நழுவிப் பளிங்குத் தரையில் விழும், கோயில் முழுக்கச் சத்தம் கேட்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஹூபர்ட்டைப் புரட்டும்போது டெல்ஃபின் இப்படித்தான், பேச்சில்லாமல், அவர் முதுகுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குவாள்.

லியோனா கோட்டின் மறைவிலிருந்து கையை எடுத்து, தட்டின் அடியில் இரண்டு விரல்களை வைத்தாள். தட்டு நின்றது. ஃபாதரின் கண்கள் அப்பத்தின் மேல் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். டெல்ஃபின் முகத்திலிருந்து கைகளை இன்னும் எடுக்கவில்லை.

பையனின் மூச்சு ஒரு சீருக்கு வரும்வரை விரல்கள் அங்கேயே இருந்தன. பிறகு அவள், “ஆமென்,” என்று சொல்லி அப்பத்தை வாங்கிக்கொண்டு, கையைக் கோட்டுக்குள் இழுத்து, தன் இடத்துக்குத் திரும்பினாள்.